தரம் ஏழில் கனைப்புச் சத்தம்

பிள்ளைகள் ஒருவரையொருவர் சீண்டாமல் பார்த்துக்கொள்வது என் உத்தியோகம். இதற்குச் சம்பளம் தனியாக இல்லை, தலையிடி மட்டும் தனியாக உண்டு. வகுப்பறையில் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிற என் சக பாவிகளே, உங்களுக்கு நான் சொல்லித்தான் விளங்க வேண்டும் என்றில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பரிதாபப்பட்டு வாசியுங்கள்.

லேஞ்சி நியமனம்

எங்கள் தீவுப் பள்ளிக்கூடத்தில் நான் கணிதம் படிப்பிக்கிறேன். ஒருநாள் அதிபர் கூப்பிட்டு, இனி மாணவர் ஆலோசனையும் நானே என்றார். பயிற்சி ஏதும் எடுக்கவில்லையே சேர் என்றேன். மணி அடித்தால் அடுத்த பாடத்தைச் சாட்டித் தப்பிவிடலாம் என்று பார்த்தேன். மணி அடிக்கவில்லை. அதிபர் சொன்னார்: "தரம் ஏழில அழுதுகொண்டிருந்த பிள்ளைக்குக் கண்ணைத் துடைக்க நீங்கள் லேஞ்சி குடுத்ததை நான் கண்டனான், ரீச்சர். மற்ற ஆக்களிட்டை லேஞ்சியும் இல்லை."

அழுத பிள்ளை

அவள் பெயர் ரெஜினா. நெடுந்தீவுக்காரி. இங்கே புளியங்கூடலில் சின்னம்மா வீட்டில் நின்று படிக்கிறாள். நெடுந்தீவில் குதிரைகள் கட்டாக்காலியாகத் திரியும் என்பது ஊரறிந்த விஷயம். எங்கள் வீரர்களுக்கு அது போதாதா? அவள் வகுப்புக்குள் கால் வைத்ததும் பின்வாங்கிலிருந்து கனைப்புத் தொடங்கும். தலைமைக் கனைப்பாளன் சுகந்தன். அவனுக்குக் கழித்தல் கணக்கு வராது, இது மட்டும் வரும்.

"நீ அதைக் கவனியாமல் விடம்மா" என்று, உலகத்து ஆலோசகர்கள் எல்லோரும் சொல்லும் உதவாத வார்த்தையை நானும் சொன்னேன். சொன்னதற்கு என் தலையில் நானே ஒரு குட்டு வைக்கலாம் போலிருந்தது. ரெஜினா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை அம்மா வந்து என்னை ஒரேயடியா ஊருக்குக் கூட்டிக்கொண்டு போறா. எங்கட ஊர்க் குதிரையள் ஒருத்தரையும் நக்கலடிக்கிறேல்லை, ரீச்சர்."

விழிப்புணர்வு நாடகம்

வெள்ளிக்குள் ஏதாவது செய்தாக வேண்டும். ஒரு நாடகம் போடலாம் என்று நினைத்தேன். சீண்டுகிறவர்களாக நடிக்க வகுப்பே கை உயர்த்தியது. சீண்டப்படுகிறவராக நடிக்க ஆளில்லை. கடைசியில் விளையாட்டு ஆசிரியர் தாமாகவே முன்வந்தார். ஆள் ஆறடி, மீசை வேறு. நான் வசனம் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிள்ளைகளே சொந்தமாகப் பேசினார்கள். அவருடைய வயிறு, விசில், மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓடிப் பாய்ந்து ஏறும் விதம், ஒன்றும் தப்பவில்லை. பாதி ஒத்திகையில் மனுசன் மேடையை விட்டு இறங்கிவிட்டார். "இது நடிப்பில்லை, ரீச்சர். உவங்கள் கனகாலமா யோசிச்சு வைச்சிருக்கிறாங்கள்."

பட்டத்துக்குத் தடை

அடுத்ததாகச் சட்டம் போட்டேன். எங்கள் பக்கத்தில் ஆளுக்கொரு கேலிப்பெயர் உண்டு. அதைச் சூட்டுவதற்குப் பட்டம் தெளித்தல் என்று பெயர். இனிப் புதுப் பட்டம் தெளிக்கவும் கூடாது, பழையதைச் சொல்லவும் கூடாது, சொன்னவர் மறுநாள் வகுப்பறையைக் கூட்ட வேண்டும் என்றேன். அன்று வியாழக்கிழமை. பள்ளிக்கூடம் விட்ட கையோடு சுகந்தனின் தகப்பன் கனகலிங்கத்தைப் பார்க்கப் புறப்பட்டேன்.

சந்திக் கடையில் விசாரித்தால், அந்த வட்டாரத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு கனகலிங்கம். "எந்தக் கனகலிங்கம்? பட்டத்தைச் சொல்லுங்கோ" என்றார் கடைக்காரர். எனக்குப் பட்டம் தெரியும். ஆனால் பாண் வாங்க வந்த என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, கண்வெட்டாமல் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆளின் உயரம், சைக்கிளின் நிறம், மனைவி பிறந்த ஊர் இறுப்பிட்டி என்று சுற்றி வளைத்துப் பார்த்தேன். பலனில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. கடைசியில், "நண்டர்" என்று முணுமுணுத்தேன். கடைக்காரர் உடனே கை நீட்டி வழி காட்டினார். பாண் வாங்க வந்தவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நாளைக்கு வகுப்புக் கூட்டுறது நீங்கள்தான், ரீச்சர்."

வேலிக்கு அந்தப் பக்கம்

கனகலிங்கம் பனையோலையால் வேலி அடைத்துக்கொண்டிருந்தார். இது இரண்டு பேர் வேலை. ஒருவர் கயிறு கோத்த குத்தூசியை ஓலைக்குள்ளால் நீட்ட வேண்டும், மறுபக்கம் நிற்பவர் அதை வாங்கித் திருப்பி நீட்ட வேண்டும். மறுபக்கம் நின்றது யாரென்று ஓலை மறைத்தது. மகன் செய்கிற அட்டகாசத்தைச் சொன்னேன். மனுசன் கயிற்றை இழுத்து ஒரு கட்டை இறுக்கினார்.

"நான் படிக்கேக்கை ஓட்டப்போட்டியில ஒருக்கால் கோணலாய் ஓடினனான்" என்றார் பிறகு. "அண்டைக்கு நண்டு எண்டு வைச்சவங்கள். இப்ப கலியாண வீட்டிலையும் நண்டு, செத்த வீட்டிலையும் நண்டு."

"உங்களுக்கு அது பழகியிருக்குமே, அண்ணை?"

"பழகினது ஓம். பிடிச்சதெண்டு ஆர் சொன்னது?"

சொல்லிக்கொண்டே ஊசியை ஓலைக்குள்ளால் நீட்டினார். ஊசி திரும்பி வரவில்லை. நீட்டிய கை அவருக்கு உளைந்தது. "டேய் சுகந்தன், உங்கை நித்திரையே? ஊசியைத் தாடா!"

வெள்ளிக்கிழமை

காலையில் நான் தும்புத்தடியால் வகுப்பறையைக் கூட்ட, தரம் ஏழு கதிரைகளில் இருந்து ரசித்தது. மூலையிலும் கூட்டச் சொல்லி இரண்டு பேர் காட்டித் தந்தார்கள். ரெஜினா உள்ளே வந்தாள். பின்வாங்கில் ஒருவன் கனைக்க மூச்சை இழுத்தான். சுகந்தன் எழும்பி வகுப்பின் முன்னால் போய் நின்றான். "இனிக் கனைக்கிறதெண்டால் என்னைப் பார்த்துக் கனையுங்கோ. பட்டம் எங்கட அப்பாவுக்கே பிடிக்கேல்லையாம். இண்டையிலயிருந்து நான்தான் குதிரை" என்றான். எல்லோரும் நம்பவேண்டும் என்று தானே ஒருமுறை கனைத்தும் காட்டினான்.

ரெஜினா புத்தகப்பையை இறக்கி வைத்தாள். "உது குதிரையில்லை. தடிமன் பிடிச்ச ஆடு." பிறகு தலையை நிமிர்த்தி, கண்ணை மூடி, தன் ஊர்க் குதிரையாகக் கனைத்தாள். யன்னல் அதிர்ந்தது. அதிபர் பிரம்போடு ஓடி வந்து, ஆர் குதிரையை உள்ளே விட்டது என்று கேட்டார். ரெஜினாவே முதலில் சிரித்தாள். நான் தும்புத்தடியைப் பிடித்துக்கொண்டு அழுதேன், சிரித்தேன், இரண்டும்தான்.

பின்னேரம் தாய், மகளின் உடுப்புப் பையோடு வாசலில் வந்து நின்றார். ரெஜினா வெளியே எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "நீங்கள் போங்கோ அம்மா, நான் இப்ப வர ஏலாது. உவங்களுக்கு இன்னும் ஒழுங்காக் கனைக்கத் தெரியாது."

ஆகவே, சக பாவிகளே, எங்கள் பள்ளிக்கூடத்தில் கனைப்பை நான் நிறுத்தினேன் என்று பெருமையடிக்க ஏலாது, முன்பைவிடத் திருத்தமாகக் கனைக்கிறார்கள், ஆனால் என் லேஞ்சி மட்டும் மடித்தது மடித்தபடியே கைப்பைக்குள் கிடக்கிறது.