இறக்கத்தில் அணைத்த என்ஜின்

இலங்கை மலையகத்தில், கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ராஜரத்தினம் முப்பத்திரண்டு வருஷமாக டிரைவர். அவரிடம் வாய்தவறி லேண்ட்ரோவரைப் பற்றிக் கேட்டுவிட்டால் போச்சு, பேராதனை பஸ்ஸைக் கோட்டைவிட வேண்டியதுதான். பழைய வண்டி, அடுத்து வந்த டிபெண்டர், இப்போது வந்திறங்கிய புதியது என்று மூன்று தலைமுறையையும் ஆணி ஆணியாகப் பிரித்துச் சொல்வார். ஒரேயொரு நாளைப் பற்றி மட்டும் வாயைத் திறந்ததில்லை.

முதல் வண்டி, அவர் வேலைக்குச் சேர்ந்தபோதே கிழடு. அலுமினிய உடம்பு, தள்ளித் திறக்கிற கண்ணாடி, உட்கார்ந்தால் இடுப்பு கழன்றுவிடும். ஸ்டியரிங்கைத் திருப்ப இரண்டு தோளும் வேண்டும், பிரேக்குக்கு முழுக்காலும் வேண்டும். எல்லாம் மனுஷ பலம்தான். என்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்த வண்டிக்கு ஒன்றுதான். அதனால் தோட்டத்து டிரைவர்களுக்கு ஒரு பழக்கம். மேல் டிவிஷனிலிருந்து இறங்கும்போது என்ஜினை அணைத்துவிட்டு வண்டியைச் சும்மா உருளவிடுவார்கள். டீசல் மிச்சமாகும். இதில் ராஜரத்தினம் பெயர்போன கெட்டிக்காரர்.

அப்புறம் டிபெண்டர் வந்தது. "ஒத்த வெரலால திருப்பலாங்க!" என்று தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகச் சொல்லித் திரிந்தார். அந்த ஒற்றை விரல் சுகம் என்ஜின் போடுகிற பிச்சை, பிரேக்கும் அப்படித்தான். அவருக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். பல வருஷம் ஒழுங்காகத்தான் ஓட்டினார். 2022இல் டீசலுக்கு நாடே வரிசையில் நின்றபோது பழைய புத்தி எட்டிப் பார்த்தது.

அன்று பின்னால் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஏழு பேர். இறக்கத்தில் என்ஜினை அணைத்தார். இரண்டு மிதி பிரேக் பிடித்தது. மூன்றாவது மிதியில் கால் கல்லை மிதித்தமாதிரி நின்றுவிட்டது, ஏற்கெனவே இறுகியிருந்த ஸ்டியரிங்கும் திரும்பவில்லை. "ஐயோ சாமி!" என்று அலறிக்கொண்டு மண்மேட்டில் கொண்டுபோய் மோதினார். ஆறு பேருக்குச் சிராய்ப்பு. பாப்பம்மாவுக்கு வலது மணிக்கட்டு நொறுங்கிப்போனது.

"பிரேக் புடிக்கலீங்க தொரை" என்றார் தோட்டத்து மெனேஜரிடம். பொய்யும் இல்லை பாருங்கள், அதுதான் கொடுமை! முந்தின நாள்தான் கலஹாவில் கராஜ் வைத்திருந்த பாயிஸ் பிரேக் பேட் மாற்றிக் கொடுத்திருந்தான். பழி நேராக அவன் தலையில் விழுந்தது. அவனுக்கு வந்துகொண்டிருந்த தோட்டத்து வண்டி வேலை போனது, ஊர் வண்டிகளும் வராமல் போயின. ஆறே மாதத்தில் கராஜைப் பூட்டிவிட்டுக் கண்டியில் ஒரு டயர் கடைக்குக் கூலிக்குப் போனான். ராஜரத்தினம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

நாலு வருஷம் போயிற்று. தோட்டத்துத் துரை பங்களாவை ஹோட்டலாக்கிய கம்பெனி இந்த மாதம் புது லேண்ட்ரோவர் ஒன்றை அனுப்பியது. சாவித் துவாரமே இல்லை, பொத்தான்தான். இறக்கத்தில் அதுவே பிடித்துப் பிடித்து இறங்குகிறது. புது மெனேஜர் திலீபன் வண்டியை அவர் பொறுப்பில் கொடுத்தார்.

"அண்ணே, இத கண்டவன்கிட்டயும் ரிப்பேருக்குக் குடுத்துறாதீங்க. முந்தி ஒருத்தன் பிரேக்கக் கெடுத்து ஆளுங்களயே கொல்லப் பாத்தானாமே."

ராஜரத்தினம் வண்டியைக் கொட்டகையில் நிறுத்தினார். அன்று மத்தியானமே பஸ் ஏறிக் கண்டிக்குப் போய், டயர் கழற்றிக்கொண்டிருந்த பாயிஸின் முன்னால் நின்றார்.

"தம்பி, அன்னைக்கி பிரேக்ல ஒரு கோளாறும் இல்ல. நான்தான் என்ஜின அணச்சேன்."

பாயிஸ் நிமிரவில்லை. "தெரியும் அண்ணே. பெறகு பிரேக்கக் கழட்டிப் பாத்தேனே. அந்த எறக்கத்துல நீங்க என்ன செய்வீங்கன்டு கலஹாவுல யாருக்குத் தெரியாது?"

"அப்ப ஏன் தம்பி வாயத் தொறக்கல?"

"நான் செல்லி யாரு நம்புவாங்க? நீங்க செல்லுவீங்கன்டு பாத்துட்டு இருந்தேன். கராஜ பூட்டுற நாள் வரைக்கும் பாத்தேன்."

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில், எல்லோர் முன்னாலும் ராஜரத்தினம் உள்ளதைச் சொன்னார். புது வண்டி அங்கேயே வேறொரு டிரைவர் கைக்குப் போனது. அது அவருக்கு உறைக்கவில்லை. கூட்டத்திலிருந்து பாப்பம்மா, வளைந்த மணிக்கட்டை மறு கையால் பிடித்துக்கொண்டு, நேரே அவரிடம் வந்தாள். அடிப்பாள் என்றுதான் நினைத்தார்.

"அந்தப் பாயிஸ் கட நாசமாப் போகணும்னு மாரியம்மனுக்கு தேங்கா ஒடச்சேனே அண்ணே" என்றாள். "அது பலிச்சிருச்சே. நான் இப்ப என்ன செய்வேன்?"