குத்துகிறதா, தொடுகிறதா

அன்று வார்டில் இருந்தவர்கள்: டாக்டர் ஒருவர். என் மனைவி. அவள் தம்பி, எனக்கு மச்சான். பக்கத்துக் கட்டிலில், கிணற்றில் விழுந்து கழுத்தில் அடிபட்ட பெரியவர். அப்புறம் நான், மல்லாந்தபடி.

புளி உலுக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்தேன். மலையிலிருந்து போளூர், அங்கிருந்து இந்தப் பெரிய ஆஸ்பத்திரி. முதுகுத் தண்டில், இடுப்புக்குச் சற்று மேலே அடி. கை நன்றாக இருந்தது. காலும் மூத்திரமும் என் பேச்சைக் கேட்கவில்லை. பெரியவருக்குக் கழுத்தில் அடி என்பதால் கையும் போயிருந்தது. வாய் போகவில்லை.

உள்ளே நரம்பு முழுதாக அறுந்திருந்தால் கால் திரும்புவது அரிது, கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் வழி உண்டு என்றார் டாக்டர். அதைப் பார்க்க ஒரு ஊக்கு எடுத்தார். கூர்முனையால் குத்துவார், இல்லை மொட்டைப் பக்கத்தால் தொடுவார். கண்ணை மூடிக்கொண்டு எதுவென்று சொல்ல வேண்டும்.

காலில் ஆரம்பித்தார். மச்சான் இருமினான். குத்தும்போது மட்டும் இருமி எனக்குத் துப்புக் கொடுக்கிறான் என்று புரிந்தது. இருந்தும், “தெரியல சார்” என்றேன். இரண்டு காலுக்கும் அதே பதில்தான். பொய் சொல்லவும் தெம்பு வேண்டும்.

“இன்னா மாமா, குத்துதுன்னு சொன்னா வாய் தேஞ்சா பூடும்?” என்றான் மச்சான்.

“இன்னா தம்பி இருமலு? உனுக்கும் ஒரு கட்டில் போடச் சொல்லட்டா?” என்றார் பெரியவர்.

“இது பரீட்சை இல்லப்பா,” என்றார் டாக்டர்.

“தெரியலன்னா வூட்டுக்கு அனுப்பிட மாட்டீங்களே சார்?” என்றான் மச்சான்.

டாக்டர் திரையை இழுத்தார். “இன்னும் ஒரு எடம். அதான் முக்கியம்.”

என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து வேட்டியை விலக்கினார். மலம் போகிற இடத்து ஓரம். தண்டுவடத்தின் கடைசி நரம்பு அங்கேதான் வருகிறதாம்; அங்கே தெரிந்தால் உள்ளே கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தமாம்.

“அய்ய, நான் டீ குடிச்சிட்டு வர்றேன்,” என்று மச்சான் ஓடிவிட்டான்.

மனைவி போகவில்லை. டாக்டர் அவளிடம் சொன்னார்: “பத்து தடவை பாக்கிறேன். சரியா சொன்னா தலையாட்டுவேன், ஒரு விரல மடக்குங்க. எட்டு வந்தா நம்பலாம்.”

கண்ணை மூடினேன். இருமல் இல்லை.

“குத்துது.”

“குத்துது.”

“தொடுது... தொடுதுன்னுதான் நெனைக்கிறேன்.”

அப்படியே போனது. நடுவில் எங்கேயோ தடுமாறினேன். முடிந்ததும் கண்ணைத் திறந்தேன். மனைவி இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே கொண்டுவந்தாள். மடங்கியிருந்த விரல் எட்டு.