பெயர் ராவிய கொக்குகள்

சபரிநாதன் என் சித்தப்பாவின் மூத்த மகன். பிறந்தது 1980 ஆவணியில், பொன்னேரிக்கு மேற்கே உள்ள எங்கள் ஊரில். ஐ.டி.ஐ. முடித்தவன். 2003 செப்டம்பரில் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பி ஆலையில், கம்பியை அளவாக வெட்டும் பிரிவில் சேர்ந்தான். மனைவி துர்காதேவி, ஒரே மகள் ஸ்நேகா. விடுமுறை நாள்களில் வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகையில் அமர்ந்து, துண்டுக் கம்பிகளை வெல்டிங் வைத்துக் கொக்கும் நாரையுமாகச் செய்வான். இவை உறுதியானவை.

உறுதி இல்லாதது ஒன்றுதான்: அந்தக் கம்பி எங்கிருந்து வந்தது என்பது. கவரைப்பேட்டை சாலையில் பழைய இரும்பு விற்கும் காயலான் கடையில் எடைக்கு வாங்குவதாகச் சொல்வான். ஆனால், கம்பி சூடாக உருண்டு வரும்போதே ஆலையின் பெயர் அதன்மேல் மேடாகப் பதிந்துவிடும். சபரிநாதன் செய்த பறவைகளில் அந்தப் பெயரை எங்கும் காண முடியாது. கால்களிலும் கழுத்திலும் ஆங்காங்கே அரத்தால் வழவழவென்று ராவிய இடங்கள் மின்னும். விலைக்கு வாங்கிய பொருளில் எவரும் பெயரை ராவுவார்களா என்ற கேள்வி எனக்கு இருந்தது. துர்காதேவிக்கும் இருந்ததென்பது பிற்பாடுதான் தெரிந்தது.

சென்னையில் ஓவியர்கள் சிலர் நடத்தும் கண்காட்சிக்கு அவனுடைய நான்கு பறவைகள் தேர்வாயின. பறவைகளோடு செய்தவரின் உருவப்படமும் மாட்ட வேண்டும் என்று, 2024 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தீனா என்ற புகைப்படக்காரரை அனுப்பினார்கள். முப்பது வயதிருக்கும். வந்ததும் படம் எடுக்கவில்லை. எந்த ஷிப்டு, எந்த கேட் வழியாகப் போவது, கேட்டில் சோதனை உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். துர்காதேவி என்னைச் சமையல் அறைப் பக்கம் அழைத்தாள்.

“மாமா, போட்டோ புடிக்க வந்தவன் கேக்குற கேள்வியா இது? கம்பெனிக்காரன் அனுப்பி வேவு பாக்குறானோ இன்னாவோ.”

அது தீனாவின் காதில் விழுந்துவிட்டது.

“யக்கா, மூஞ்சிய மட்டும் எடுத்தா ஆதார் கார்டு மாதிரி ஆயிடும். இன்னா வேலை செய்றாரு, எப்டி செய்றாரு எல்லாம் படத்துல வரணும். அதான் கேட்டுக்கினு இருக்கேன்.”

“ஆதார் கார்டுல அவரு மாதிரியா இருக்காரு? எங்க மச்சான் மாதிரி இருக்காரு. நீ மொதல்ல ஆள ஆளா எடு.”

பிறகு தீனா பலவிதமாக முயன்றார். வெல்டிங் கவசத்தை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதன் கருப்புக் கண்ணாடியில் கொட்டகை தெரியும்படி ஒன்று. நாரையின் இறக்கைக் கம்பிகளுக்கிடையே வெயிலை விட்டு, நிழல் கோடு கோடாக முகத்தில் விழும்படி ஒன்று. சம்பா வயல் வரப்பில் நிற்கவைத்து, தொலைவில் ஆலைப் புகைபோக்கிகள் தெரிய ஒன்று. ஆலைச் சீருடையில் ஒன்று கேட்டபோது மட்டும் சபரிநாதன் மறுத்துவிட்டான். கொட்டகைக்குத் திரும்பியதும் தீனா ஒரு கொக்கின் காலருகே குனிந்தார்.

“இன்னாணா, எல்லாத்துலயும் ராவி வெச்சிருக்க? இத கிட்ட வெச்சு எடுக்கட்டா? இதான் உன் கைன்னு தெரியும்.”

சபரிநாதன் கொக்கை எடுத்துப் பின்னால் வைத்தான்.

“அத்த உடு தம்பி.”

தீனாவின் முகம் மாறியது. அவரும் இப்போது சந்தேகப்படும் எங்கள் பக்கம் சேர்ந்துவிட்டார் என்று நினைத்தேன். சபரிநாதன் காரணத்தைச் சொன்னான். பல ஆண்டுகளுக்கு முன் உடன் வேலை செய்த ஒருவருடைய சாப்பாட்டுப் பையில் ஒரு சாண் கம்பி அகப்பட்டதாம். அதில் ஆலையின் பெயர் இருந்தது. அன்றைக்கே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். இந்தப் பக்கத்துக் கட்டடங்களில் பாதி அந்த ஆலைக் கம்பியில் எழும்பியவை. மிச்சத் துண்டுகள் காயலான் கடைக்குத்தான் வருகின்றன. “நா அதத்தான் வாங்குறேன். ஆனா பேரோட என் ஊட்ல கெடந்தா எவன் நம்புவான்? அதான் ராவிடறேன்.”

துர்காதேவி வாசற்படியில் நின்றிருந்தாள். தாழ்ந்த குரலில்தான் கேட்டாள்.

“நெசமாவே கடையில வாங்கினதுதானாங்க?”

ஸ்நேகா அங்கே இருந்தாள். வெளியாளும் இருந்தார். சபரிநாதன் மனைவியைப் பார்த்தான். கடையிலிருந்து கொண்டுவந்த கம்பிச் சாக்கைக் கவிழ்த்து, இன்னும் ராவாத துண்டு ஒன்றைத் தேடி எடுத்தான். அதை இரு கைகளாலும் கண்ணுக்குக் கீழே குறுக்காகப் பிடித்துக்கொண்டான்.

“தம்பி, எழுத்து தெரியிற மாதிரி எடு.”

“இன்னாத்துக்குங்க வீம்பு? வேலைக்கு வேட்டு வெச்சிக்காதீங்க,” என்றாள் அவள்.

“நீ எடுப்பா.”

கண்காட்சியில் மாட்டப்பட்டது அந்தப் படம்தான். வேறெதையும் மாட்ட அவன் ஒப்புதல் தரவில்லை. அது கைபேசிகளில் சுற்றி, பொங்கலுக்கு முந்தைய வாரம் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது. கம்பியை எங்கே எடுத்தாய் என்று அவனை அழைத்துக் கேட்டார்கள். கடையைக் காட்டுகிறேன் என்றான். ஓர் அதிகாரி உடன் வந்தார். குடும்பத்தில் மூத்தவன் என்ற முறையில் நானும் சென்றேன்.

கடைக்காரர் பெயர் தானியேல். சபரிநாதனை நிமிர்ந்து பார்க்காமலே பேசினார்.

“தெனம் நூறு பேரு வராங்க சார். இவர தெரியாது. அந்த கம்பெனி கம்பிய நாங்க வாங்கறதே இல்ல.”

“யோவ் தானியேலு, என்னய்யா இது?” என்றான் சபரிநாதன்.

“சத்தியமா தெரியாது சார்.”

தெரியும் என்றால், உனக்கு யார் விற்றது என்ற அடுத்த கேள்வி தானியேலின் கழுத்துக்கு வரும். அது அங்கிருந்த எல்லாருக்கும் விளங்கியது. கடையில் சங்கிலியில் கட்டிய கருப்பு நாய் ஒன்று இருந்தது. நாங்கள் நுழைந்ததிலிருந்து அதிகாரியையும் என்னையும் பார்த்துக் குரைத்தபடியே இருந்தது. சபரிநாதன் அருகில் போனதும் குரைப்பை விட்டு, வாலை ஆட்டி, அவன் செருப்பின்மேல் தலைவைத்துப் படுத்துக்கொண்டது. அதிகாரி நாயைப் பார்த்தார். பிறகு கைபேசியை எடுத்து அதில் எதையோ தேடினார்.

போலீசுக்குப் போகாமல் இருக்க வேண்டுமானால் விலகல் கடிதம் கொடுத்துவிடலாம் என்று ஆலையில் சொன்னார்கள். அவன் கொடுத்துவிட்டான்.

நாயைப் பற்றி நான் துர்காதேவியிடம் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

“அங்க நாயி இருக்குதுன்னு நா கேட்ட அன்னிக்கே அவரு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல மாமா?”

அவனை நம்பிச் சொன்னாளா, நம்பாமல் சொன்னாளா என்று என்னால் உறுதி கூற இயலவில்லை. கொட்டகையில் வெல்டிங் சத்தம் கேட்டது.

சபரிநாதன் விலகியது 2025 ஜனவரியில். பணிக்காலம்: இருபத்தோர் ஆண்டு, நான்கு மாதம்.