நின்றுகொண்டே இருந்தவள்

சலவைக்கடையில் இஸ்திரி போடும் அவள், வாரப் பத்திரிகைகளுக்குக் கதை எழுதுவாள். அந்த மழைக்காலம் முழுக்கக் கதை ஒரு வரிகூட நகரவில்லை. கதாநாயகி பேருந்து நிறுத்தத்திலேயே நின்றாள். எந்தப் பேருந்தில் ஏற்றுவதென்று இவளுக்குப் பிடிபடவில்லை.

ஒரு மதியம், சட்டைகளை மடித்துக்கொண்டிருந்த நாத்தனார் கேட்டாள்: "அண்ணி, உங்க கதாநாயகி இன்னும் நின்னுட்டேதான் இருக்காளா? கால் கடுக்காதா பாவம்? உக்காரவாவது சொல்லுங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துக் கண்ணை மூடினாள். நீராவிக்குள் ஒரு மழைத்தெரு மெல்ல விரிந்தது. ஈரப் பெஞ்சை முந்தானையால் துடைத்துவிட்டுக் கதாநாயகி உட்கார்ந்தாள். குடையை மடக்கியபடி யாரோ பக்கத்தில் வந்து அமர்ந்து, "ரொம்ப நேரமா காத்திருக்கீங்களா?" என்றார்.

துணி சுற்றும் காகிதத்தை இழுத்து அவள் எழுதத் தொடங்கினாள். நாத்தனார் சத்தமில்லாமல் இஸ்திரிப் பெட்டியைக் கையிலெடுத்தாள்.