நீர்த்தொட்டிக் கோபுரத்தில் கத்தி நுழைந்த விவரம்

2019 அக்டோபர் 12, சனிக்கிழமை, முற்பகல் பத்தேகால் மணிக்கு, டென்மார்க்கின் ஹோர்சென்ஸ் விளையாட்டரங்கில் நடந்த காட்சியில், பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி உருவங்கள் கட்டுவோரின் சங்கத் தலைவர் ஃப்ளெமிங், தோர்கிலும் அவர் மனைவி போடிலும் நான்கு குளிர்காலம் உட்கார்ந்து கட்டிய நீர்த்தொட்டிக் கோபுர மாதிரியில் அனுமதியின்றி ரொட்டிக் கத்தியைச் செருகி, இரண்டு கட்டைகளை உடைத்தார். இதுவே குற்றம்.

தோர்கில் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். பிள்ளைகள் தனிக்குடித்தனம் போனபின், கணவனும் மனைவியும் சாப்பாட்டு மேசையைப் பிளாஸ்டிக் கட்டைகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுச் சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டார்கள். தோர்கில் நிறம், அளவு பார்த்துப் பிரித்துவைப்பார், போடில் கட்டுவார். கோபுரத்தின் மங்கிய சிவப்புக்காகவே போடில் பழம்பொருள் சந்தைகளில் அறுபது வயதான கட்டைகளைத் தேடி வாங்கினார். அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் நாளடைவில் கோணும். கோணிய இரண்டு கட்டைகள் ஒன்றையொன்று கவ்விவிட்டால் விரலால் பிரிக்க முடியாது.

பசை தொட்ட எதுவும் சங்கத்தின் காட்சியில் இடம்பெறாது. அதற்காகத் தலைவர் ஒவ்வொரு படைப்பிலும் ஒரு கட்டையை உருவிப் பார்ப்பது வழக்கம். கோபுரத்தில் அவர் பிடித்த கட்டை அசையவில்லை.

“என்ன போடில், எத்தனை பசை டியூப் தீந்துச்சு?”

“பழைய கட்டை, ஃப்ளெமிங். கவ்விக்கிட்டிருக்கு. இரு, பிரிக்கிற நெம்புகோல எடுத்துட்டு வரேன்.”

“பசை போட்டவங்க எல்லாரும் இதத்தான் சொல்வாங்க.”

“கோபுரமா அது? பசைச் சட்டி” என்று காபி மேசைப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. நாலைந்து பேர் சிரித்தார்கள். ஃப்ளெமிங் அந்த மேசையிலிருந்தே கத்தியை எடுத்துச் செருகினார்.

உடைந்த இடம் பசைத் தடமின்றிச் சுத்தமாக இருந்தது. ஃப்ளெமிங் அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அவர் தடவியதைத் தோர்கில் பார்த்தார்.

“பசை எங்க இருக்கு, காட்டு” என்றார் தோர்கில்.

“இந்த எடத்துல இல்ல. வேற எடத்துல இருக்கும்.”

“அப்போ மிச்சத்தையும் உடைச்சுப் பாரேன்” என்றார் போடில்.

ஃப்ளெமிங் அடுத்த மேசைக்கு நகர்ந்தார். கோபுரம் காரின் பின்னிருக்கையில் வீடு திரும்பியது. செவ்வாயன்று வந்த சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பில், நான்காம் பத்தியில், ‘பசை பயன்படுத்திய ஐயத்தால் கோபுரம் விலக்கப்பட்டது’ என்றிருந்தது. அந்த வரி இருக்கும்வரை நாட்டின் எந்தச் சங்கமும் தன் காட்சியில் அவர்களுக்கு மேசை தராது.

தோர்கில் அன்றே ஃப்ளெமிங்குக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

“‘வருத்தத்துடன்’னு ஆரம்பிக்கட்டுமா?”

“யாருக்கு வருத்தம்? எனக்குக் கோபம். என்னை ஏமாத்துக்காரின்னு எழுதி வெச்சிருக்கான். ஒரு எடத்துலயும் குழையாத.”

தோர்கில் அந்தச் சொல்லை அடித்தார். கட்டைகள் வாங்கிய பதினேழு ரசீதுகளின் நகல், கட்டும்போது வாரந்தோறும் எடுத்த படங்கள், உடைந்த இரண்டு கட்டைகளின் குறுக்குவெட்டுப் படம் ஆகியவற்றை எண்ணிட்டு இணைத்தார். கடைசிப் பத்தியைப் போடில் சொல்லச் சொல்ல எழுதினார்:

‘நான்காம் பத்தியை நீக்க வேண்டும். பசை காணப்படவில்லை என்பதை அதே குறிப்பேட்டில், தங்கள் கையொப்பத்துடன் பதிய வேண்டும். மறுப்பதாயின், பசையைக் கண்ட இடம் கோபுரத்தின் எத்தனையாவது வரிசை என்று குறிப்பிட வேண்டும். நவம்பர் முதல் தேதிக்குள் எழுத்தில் பதில் தேவை. தொலைபேசியிலோ காபி மேசையிலோ சொல்வது பதிலாகாது.’