கூட்டுக்கு அடியில் இருந்த தகடு

ஆற்றுப் பாலத்தில் கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் சுரண்டி. அந்த ரயில் பாலத்தில் துரு தின்றது போக இரும்பு எவ்வளவு மிச்சம் என்று அளந்து எழுதுவது அவர் வேலை. துருவோடு சேர்த்து அளந்தால் தகடு தடித்திருப்பது போலக் காட்டும். அது வீக்கம், பலமல்ல. அதனால் பளிச்சென்று இரும்பு தெரியும்வரை சுரண்டாமல் அவர் எதையும் எழுதுவதில்லை.

"உன் அத்தான் சோத்துப் பானையையும் சுரண்டிப் பாத்துட்டுதான் அடுப்புல வைக்க விடுவாரு" என்று அவர் மனைவி தன் தங்கையிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டிருந்தன. வாரத்தில் மூன்று நாள் அந்தப் பாலத்தின் மேல்தான் ரயிலில் போய், அக்கரை ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவாள்.

அவர் சுரண்டாமல் விட்டது ஒரே இடம். போன வருடம் மூன்றாம் தூணுக்கு மேலே, தகடுகள் சேரும் மூலையில் ஒரு புறா குஞ்சு பொரித்திருந்தது. வீட்டில் சொன்னார். "பாவம், வாயில்லா ஜீவன். கலைச்சிடாதீங்க" என்றாள். பக்கத்துத் தகட்டின் கனத்தையே அதற்கும் எழுதிவிட்டார்.

இந்த வருடம் கூடு காலியாக இருந்தது. அதை எடுத்துவிட்டுச் சுரண்டினார். ஈரமும் எச்சமும் ஊறி, இரும்பு ஏடு ஏடாக உரிந்து வந்தது. பன்னிரண்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய தகட்டில் ஐந்துதான் மிச்சம். 'கடவுளே, ஒரு வருஷமா இதும்மேலயா எல்லாரையும் கூட்டிட்டுப் போனே' என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இதை எழுதினால் ரயில் நிற்கும். நின்றால் அவள் கதி?

உட்கார்ந்த இடத்திலிருந்தே அவளுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

"எழுதாம விட்டா என்னங்க ஆகும்?"

"தாங்கலாம். தாங்காமலும் போகலாம்."

"அந்த வண்டியில நான் ஒருத்தியா போறேன்? நான் போறப்பல்லாம் எதிர்ல ஒரு பொண்ணு கைக்குழந்தையோட வருது. எழுதுங்க."

"பஸ்ல சுத்திப் போகணுமேம்மா, நாலு மணி நேரம்."

"போறேன். புறாவுக்குச் சிபாரிசு பண்ணது நான்தானே" என்று சிரிக்கப் பார்த்தாள். இருமல்தான் வந்தது.

எழுதினார். போன வருடம் தான் அளக்காமல் எழுதியதையும் சேர்த்தே எழுதினார். மதியத்துக்குள் ரயில்கள் நின்றன.

பஸ் அவளை உருக்கிவிட்டது. மூன்று நாள் இரண்டானது. "இன்னிக்கு முடியலங்க, நாளைக்குப் போவோம்" என்று அதுவும் தள்ளிப்போனது. புதுத் தகடு வந்து இறங்கியபோது அவள் கண்மூடிப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

அடுத்த வருடம் அதே மூலையில் மறுபடியும் ஒரு கூடு, இரண்டு முட்டைகளோடு.

"புதுத் தகடுதானேய்யா சுரண்டி, பக்கத்துல உள்ளதையே போட்டுட்டு வா" என்றார் கூட வந்த வர்ணக்காரர்.

இவர் தன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி, கூட்டை அலுங்காமல் அதற்குள் எடுத்து வைத்தார். துடைத்து, அளந்து, எழுதி, கூட்டை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். புறா வந்து உட்காரும்வரை நகரவில்லை.

தலைக்கு மேலே பத்து மணி வண்டி கடந்து போயிற்று. அவள் போகும் வண்டி.