பானைக்குப் போட்ட ஓட்டு

எனக்கு எழுபத்து மூன்று வயது. நாலு பேரை வளர்த்தேன். நாலு என்றே எழுது என்று பேத்தியிடம் சொல்லியிருக்கிறேன்; மூன்று என்று எழுதினால் இந்தக் காகிதம் அடுப்புக்குப் போகும். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், கையெழுத்துப் போட வரும், அதற்கு மேல் வராது. அதனால் நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள்.

எண்பத்தெட்டில் ஆட்சியை எதிர்த்து இந்தப் பர்மா முழுக்கக் கொதித்தபோது என் மூத்தவன் காலேஜில் இருந்தான். ஊர்வலத்துக்குப் போனான். போகாதே என்று நான் சொல்லவில்லை. மறு வருஷம், ஊர் அடங்கிவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தபோது, கியாக்டடா பஸ் ஸ்டாப்பில் நின்றவனை மிலிட்டரி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் கையில் இருந்த குடையைப் பக்கத்தில் நின்றவர் கொண்டுவந்து கொடுத்தார். அதுவரை எனக்குத் தெரியாது.

அந்த நாளில் எங்கள் தெருவில் பலர் என் வீட்டு வாசலைத் தாண்டும்போது நடையை எட்டிப் போட்டார்கள். சொந்தக்காரர்களே வரவில்லை. வந்தவர் ஒருவர்தான். எங்கள் பபேடான் தெருமுனையில் கிளினிக் வைத்திருந்த பர்மாக்கார டாக்டர். ஸயா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். இங்கே வாத்தியாருக்கும் டாக்டருக்கும் அதுதான் மரியாதை. பகலில், எல்லோரும் பார்க்க, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். ஜெயிலுக்கு என்ன மருந்து கொடுத்து அனுப்பலாம் என்று சொன்னார். எனக்கு அது போதும்.

தொண்ணூறில் மிலிட்டரியே தேர்தல் வைத்தது. ஸயா எந்தக் கட்சியிலும் சேராமல் தனியாக நின்றார். அவருக்குக் கிடைத்த சின்னம் தண்ணீர்ப் பானை. என்னிடம் வந்து, "சபை கூடினா மொதல் வேலை ஜெயில் கதவைத் திறக்கிறதுதான், ஆன்ட்டி," என்று பர்மாவில் சொன்னார். ஓட்டுக்காகச் சொன்ன பேச்சு என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். நான் அன்றைக்கே அவருக்கு வேலை செய்ய இறங்கிவிட்டேன்.

ஐந்து பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடக்கூடாது என்று உத்தரவு இருந்த காலம். மேடை கிடையாது, மைக் கிடையாது. எனக்குத் தெருவோரத் தோசைக்கடை இருந்தது. தோசைக்கு நிற்பதை யாரும் கூட்டம் என்று சொல்ல முடியாது. அங்கேயும் ஆள் கூடிப்போனால் சந்தேகம் வரும் என்று, வந்த பெண்களை மூன்று மூன்று பேராக என் சமையலறைக்கு அனுப்பிவிடுவேன். ஆண்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அவர்கள் படித்துக்கொள்வார்கள். எங்கள் தமிழ்ப் பெண்களில் பாதிப் பேர் பேனாவைப் பிடித்ததே இல்லை. சீட்டில் பர்மா எழுத்து. அதை விட்டுவிட்டுப் படத்தைப் பார், பானைக்கு நேரே இருக்கிற கட்டத்துக்குள் சரி போடு, கோடு கட்டத்துக்கு வெளியே போனால் செல்லாது. இதுதான் பாடம்.

பேனாவும் காகிதமும் வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தால் யாராவது பார்த்து நோட்டீஸ் எழுதுகிறோம் என்று சொல்லிவிடுவார்கள். அதனால் கோலமாவை எடுத்தேன். சமையலறைத் தரையில் கட்டம் போட்டு, அதற்குள் மாவால் சரிக்குறி இழுக்கச் சொன்னேன். எங்கள் பெண்களுக்குக் கை அங்கேதான் ஓடும். கட்டத்தை விட்டு ஒரு துளி மாவு வெளியே சிந்தாமல் போட்டார்கள். காலால் அழித்துவிட்டால் தடயம் இல்லை.

எதிர்வீட்டுப் பூக்காரிக்கு மட்டும் வாய் சும்மா இருக்காது.

"ஏன்க்கா, பானைக்கு நேரா கோலம் போட்டா பொங்கலும் அவரே வச்சுத் தருவாரா?"

"ஒழுங்கா போடுடி. ஒன் புருஷனுக்குச் சோறு போடுற மாதிரி அள்ளிக் கொட்டாத."

"அந்த ஆளுக்கு நான் கிள்ளித்தான் போடுறேன்," என்றாள். அந்த வருஷத்தில் என் சமையலறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது அந்த நாட்களில்தான்.

ஓட்டு நாள் அன்று நான் அடுப்பு மூட்டவில்லை. வீட்டுக்காரர் செத்த மறுவாரமே கடை போட்டவள் நான். நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, தநாக்காப் பட்டையை அரைத்துக் கன்னத்தில் பூசிக்கொண்டு கிளம்பினேன். பள்ளிக்கூடத்தில் சாவடி. வாசலில் துப்பாக்கியோடு நின்றவர்களுக்கு என் இளையவன் வயதுதான் இருக்கும். நான் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்த்து, மூன்று மூன்று பேராகக் கூட்டிவந்து வரிசையில் விட்டேன். அட்டை கிடைக்காத தமிழர்கள் எங்கள் தெருவிலேயே நிறைய. இங்கேயே பிறந்து, இங்கேயே பெற்றவர்கள், ஓட்டு மட்டும் கிடையாது. அவர்கள் ஜன்னலில் நின்று எங்களைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

என் முறை வந்தது. பானையைக் கண்டுபிடித்தேன், போட்டேன், மடித்தேன். பெட்டிக்குள் விழுந்தபோது என் பிள்ளையின் பெயரை மனதுக்குள் சொன்னேன்.

மறுநாள் காலையில் ஸயாவின் கம்பவுண்டர் வந்தார். எண்ணும்போது ஸயா பக்கத்து ஆளாக உள்ளே இருந்தவர் அவர்தான். ஜெயித்துவிட்டோம் என்றார். நான் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அவர் போகவில்லை.

"ஆன்ட்டி, ஒண்ணு கேக்கணும். கொஞ்சம் சீட்டைச் செல்லாதுன்னு எடுத்து வச்சுட்டாங்க. சரிக்குறி எல்லாம் பானைக்கு நேரா அச்சடிச்ச மாதிரி இருக்கு. ஆனா மேல ஏதோ கொக்கி மாதிரி ஒண்ணு. ரகசியக் குறியா, எந்தக் கூட்டத்துக்கு உள்ளதுன்னு ஆபீசர் என்னைக் கேக்கிறான்." தன் உள்ளங்கையில் விரலால் வரைந்து காட்டினார்.

பிள்ளையார் சுழி.

தரையில் கோலத்துக்கு யாரும் சுழி போடுவதில்லை. காகிதம் என்றால் வேறு. சாமான் சீட்டோ கல்யாணச் சீட்டோ, எழுத்துத் தெரியாதவள்கூட அந்த ஒரு சுழியைக் கற்று வைத்திருப்பாள். அது இல்லாமல் காகிதத்தில் கை வைக்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பர்மாக்கார ஆபீசருக்கு அது எப்படித் தெரியும்?

நேரே பூக்காரி வீட்டுக்குப் போனேன்.

"சீட்டுல சுழி போட்டியா?"

"போடாம?" என்றாள். நான் பாராட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். "எனக்கென்ன, ஸயா ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன? ஒம் புள்ள வீடு வந்து சேரணும்னுதான்க்கா மொதல்ல சுழியப் போட்டு, அப்புறம் பானைக்குப் போட்டேன். எல்லாரையும் அப்படித்தான் போடச் சொன்னேன்."

செல்லாது என்று அவளிடம் நான் சொல்லவில்லை. கடைசி வரை சொல்லவில்லை. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அந்தச் சில சீட்டுகளுக்காக நான் மாதக்கணக்கில் வயிறு எரிந்தேன். இப்போது நினைத்தால் அந்த எரிச்சலே வீண். ஜெயித்தவர்களைச் சபை கூடவே விடவில்லை. இன்றைக்குக் கூடும், மழை முடிந்து கூடும், சட்டம் எழுதிவிட்டுக் கூடும் என்றார்கள். சுழி போட்ட சீட்டும் சுழி போடாத சீட்டும் ஒரே குப்பைக்குத்தான் போயின. பத்திரமாகக் கட்டத்துக்குள் போட்ட என் சீட்டும் அதில்தான். மழைக்காலம் முடிவதற்குள் ஸயாவையே பிடித்துக்கொண்டு போனார்கள். கதவைத் திறக்கிறேன் என்றவரை அதே கதவுக்குள் போட்டார்கள்.

என் பிள்ளை வெளியே வந்தபோது அவன் தம்பிக்கும் தங்கைகளுக்கும் கல்யாணமாகி முடிந்திருந்தது. இருமலோடு வந்தான். ஸயாவைப் பார்த்தாயா என்று கேட்டேன்.

"ஒரு தரம், தூரத்துல. தலையாட்டினாரும்மா. அவ்வளவுதான்."

சுழிக் கதையை அவனிடம் மட்டும் சொன்னேன். சிரித்தான். சிரிப்பு இருமலாகி, நிற்க வெகு நேரம் ஆயிற்று. வந்தபின் அவன் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், முன்பே பார்த்திருந்தால் என்று ஆரம்பித்தார். மீதியை நான் கேட்கவில்லை. இரண்டாவது மழைக்காலத்தை அவன் தாண்டவில்லை.

இந்த வருஷம் மறுபடியும் தேர்தல் என்றார்கள். வார்டு ஆபீஸிலிருந்து ஒரு தம்பி வந்தான். நல்ல பையன்தான், தமிழ்ப் பையன்தான்.

"நீங்க சாவடிக்கு வர வேணாம் பாட்டி. வயசானவங்களுக்கு நாங்களே முன்கூட்டிப் போட்டுக்கிறோம். இதுல கையெழுத்து மட்டும் போடுங்க."

"நான் ஓட்டுப் போட்டுட்டேன் தம்பி."

"எப்ப பாட்டி? இன்னும் நாளே வரலையே."

"தொண்ணூறுல. அதுக்குப் பதில் சொல்லிட்டு வாங்க. அப்புறம் இதைப் பாப்போம்."

அவன் அப்போது பிறந்திருக்கவே மாட்டான். என் மகளைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்து, "அம்மா, வம்பு வேணாம், போட்டுக் குடுத்துடு," என்றாள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்பது எனக்குப் பெருமை. அன்று போடத் தெரியாது என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உளுந்தைக் களைந்தேன். என் பேரில் அவர்கள் யாருக்கோ போட்டிருப்பார்கள். போட்டுக்கொள்ளட்டும். என் கையால் அல்ல.

அவ்வளவுதான் சொல்ல இருந்தது. பேத்தி கை வலிக்கிறது என்கிறாள். இவளுக்கு அவள் மாமாவை நினைவு இல்லை, படத்தில்தான் பார்த்திருக்கிறாள். சரி, எழுதியதை எடு. வேகமாக ஓடாதே, பர்மா ராகம் போடாதே. மாமா வருகிற இடமெல்லாம் நிறுத்திப் படி. படி, கேட்கிறேன்.